மரணத்துக்கும் மறுவாழ்வுக்கும் இடையில்: உறுப்பு தான ஒருங்கிணைப்பாளரின் பணி

உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை குறித்த செய்திகளில் அறுவை மருத்துவரின் திறமையும் தானம் அளித்த குடும்பத்தின் பெருந்தன்மையும் தவறாமல் பேசப்படுகின்றன. ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் நேர்ந்த மரணத்தை வேறோர் ஊரின் அறுவை அரங்கோடு இணைத்த மனிதரைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இருப்பதில்லை. இந்தியச் சட்டம் இம்மனிதரை ‘உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்’ என்று குறிப்பிடுகிறது. 2011-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின், ஒருங்கிணைப்பாளரை நியமிக்காத எந்த மருத்துவமனையும் உறுப்பு மாற்றுக்கான பதிவைப் பெற முடியாது. மருத்துவப் பட்டம் பெற்றவரோ செவிலியரோ வேறு பட்டதாரியோ இப்பணியில் அமரலாம் என்றும், சமூகப்பணி, சமூகவியல் போன்ற துறைகளில் பயின்றவருக்கு முன்னுரிமை தரலாம் என்றும் விதிகள் கூறுவதிலிருந்தே, இது மருத்துவ அறிவு மட்டும் போதுமான வேலை அன்று என்பது விளங்கும்.

இப்பணி தோன்றிய சூழலைச் சிறிது பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1994-க்கு முன்பு இந்தியாவில் உறுப்பு மாற்று என்பது பெரும்பாலும் உயிருள்ளவரிடமிருந்து சிறுநீரகம் பெறுவதாகவே இருந்தது. அதில் வறியவரின் சிறுநீரகம் விலைபொருளாகவும் ஆயிற்று. சென்னையின் வில்லிவாக்கம் ‘கிட்னிவாக்கம்’ என்று பட்டப்பெயர் பெற்றது அக்காலத்தின் கசப்பான அடையாளம். 1994-இல் நாடாளுமன்றம் இயற்றிய மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இவ்வணிகத்தைக் குற்றமாக்கியதோடு, மூளைச்சாவு எனப்படும் மூளைத்தண்டு இறப்பை மரணமாக ஏற்று, இறந்தவரிடமிருந்து உறுப்பு பெறுவதற்குச் சட்டப்படியான வழியைத் திறந்தது. வழி திறந்ததே ஒழிய, அதில் நடப்பதற்கு ஆள் இல்லை. மருத்துவமனைகளுக்குள் அதற்கெனப் பணியாளர்களும் நடைமுறையும் உருவாகப் பல ஆண்டுகள் பிடித்தன. தமிழகத்தில் 2008-இல் வெளியான அரசாணைகள் மூளைச்சாவை அறிவிப்பது முதல் உறுப்புகளைப் பகிர்வது வரையிலான முறைகளை வகுத்தன. இரத்தநாள அறுவை மருத்துவரான ஜெ. அமலோற்பவநாதன் இம்முறைகளின்படி நடந்த மாநிலத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றினார். அதன் தொடர்ச்சியாகவே தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது.

மூளைச்சாவு என்றால் என்ன என்பதைத் தெளிவாக அறியாமல் இப்பணியின் கடினத்தை உணர முடியாது. பெருமூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத்தண்டே மூச்சு விடுதல், விழுங்குதல், இருமுதல், விழித்திருத்தல் ஆகியவற்றுக்கு ஆதாரம். தலைக்காயத்தாலோ மூளை இரத்தக்கசிவாலோ மண்டையோட்டுக்குள் அழுத்தம் மிகும்போது மூளைக்குச் செல்லும் இரத்தம் நின்று மூளைத்தண்டு அழிந்துவிட்டால், அது திரும்ப உயிர்பெறுவதில்லை. ஆயினும் இதயம் தன் துடிப்புக்கான தூண்டுதலைத் தனக்குள்ளேயே கொண்டிருப்பதால், வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவி நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்திக்கொண்டிருக்கும் வரை அது சில மணி நேரமோ சில நாட்களோ துடித்துக்கொண்டிருக்கும். கோமா எனப்படும் ஆழ்மயக்கத்தில் இருப்பவரின் மூளைத்தண்டு உயிரோடிருக்கும்; அவர் மீளலாம். மூளைச்சாவு அடைந்தவரோ இறந்தவர். ஆனால் மார்பு ஏறி இறங்குகிறது, உடம்பில் சூடு இருக்கிறது, திரையில் நாடித்துடிப்பின் கோடு ஓடுகிறது. இவற்றையெல்லாம் கண்ணால் கண்டுகொண்டே மரணத்தை ஏற்குமாறு குடும்பத்தினரிடம் சொல்ல வேண்டியிருப்பதுதான் இத்துறையின் மையச் சிக்கல்.

ஆகவே சட்டம் இவ்விறப்பை உறுதிசெய்வதற்குக் கடுமையான முறையை விதித்திருக்கிறது. மருத்துவமனைப் பொறுப்பாளர், அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மருத்துவர், நரம்பியல் வல்லுநர் அல்லது அவர் இல்லாத இடத்தில் விதி அனுமதிக்கும் வேறு வல்லுநர், சிகிச்சை அளித்துவரும் மருத்துவர் என நால்வர் குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். உறுப்பைப் பொருத்தப்போகும் குழுவைச் சேர்ந்த எவரும் இந்நால்வரில் இருக்கக் கூடாது. மயக்க மருந்துகளோ உடல் வெப்பக் குறைவோ இரத்த வேதிமாற்றங்களோ இந்நிலைக்குக் காரணமல்ல என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, ஒளிக்குக் கண்மணி சுருங்குகிறதா, காதினுள் குளிர்நீர் செலுத்தினால் விழி அசைகிறதா, தொண்டையைத் தொட்டால் குமட்டல் எழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பர். இறுதியாக வருவது மூச்சுச் சோதனை: சுவாசக் கருவியைப் பிரித்து, ஆக்சிஜனை மட்டும் மெல்லிய குழாய் வழியே அனுப்பி, இரத்தத்தில் கரியமில வாயு 60 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தை எட்டும் வரை காத்திருப்பர். உயிருள்ள மூளைத்தண்டு அவ்வளவு கரியமில வாயுவைப் பொறுத்துக்கொண்டு சும்மா இராது. மார்பு ஒருமுறைகூட அசையாவிட்டால் முடிவு உறுதியாகிறது.

உறுப்பு, திசு என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே குறிக்கலாம். இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், கணையம் ஆகியவை இரத்த ஓட்டம் நின்றால் விரைவில் கெடுவதால், இந்தியாவில் பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்தே பெறப்படுகின்றன. கருவிழி, தோல், எலும்பு, இதய வால்வு போன்ற திசுக்களுக்கு அத்தகைய அவசரம் இல்லை. இதயம் நின்று இறந்தவரிடமிருந்தும் எடுக்கலாம். கண்களை இறப்புக்குப் பின் ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் போதும். இறப்பு வீட்டில் நேர்ந்திருந்தாலும் தடையில்லை.

ஒருங்கிணைப்பாளரின் பணி, மூளைச்சாவு நேரக்கூடிய நோயாளியை உரிய நேரத்தில் அறிந்துகொள்வதிலிருந்து தொடங்குகிறது. கடும் தலைக்காயத்தோடு வென்டிலேட்டரில் இருப்பவர்களின் நிலையை நாள்தோறும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கேட்டறிவதும், சோதனைகள் தாமதமின்றி நடக்கத் துணைநிற்பதும் இதன் கூறுகள். இந்தப் படி தவறினால் பின்னுள்ள எல்லாப் படிகளும் பொருளற்றவை. இதற்கு ஸ்பெயின் நாட்டின் அனுபவமே சான்று. அங்கு, விருப்பமின்மையைத் தெரிவிக்காதவர் யாவரும் தானத்துக்கு இசைந்தவராகவே கருதப்படுவர் என்னும் சட்டம் 1979-இலேயே வந்துவிட்டது. ஆயினும் தானம் உயரவில்லை. 1989-இல் சிறுநீரகவியல் மருத்துவர் ரஃபேல் மத்தேசான்ஸ் தலைமையில் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு உருவாகி, பெரும்பாலும் தீவிர சிகிச்சை மருத்துவர்களையே மருத்துவமனைதோறும் ஒருங்கிணைப்பாளர்களாக அமர்த்திய பின்னரே, பத்து லட்சம் மக்களுக்கு 14 என்ற அளவில் இருந்த கொடையாளர் எண்ணிக்கை முப்பது ஆண்டுகளில் 45-ஐத் தாண்டியது. இந்தியாவில் அவ்வெண்ணிக்கை இன்னும் ஒன்றைக்கூட எட்டவில்லை. தான அட்டைகளில் கையொப்பம் பெறும் விழாக்களுக்குக் குறைவில்லாத நாட்டில் இந்நிலை நீடிப்பதற்குக் காரணம் மக்களின் மனக்குறுக்கம் என்று கூறுவது நியாயமாகாது. பல இடங்களில் மூளைச்சாவு கண்டறியப்படுவதே இல்லை, கண்டறியப்பட்டாலும் குடும்பத்தினரிடம் எவரும் கேட்பதில்லை என்பதே உண்மை.

கேட்பது எளிதன்று. இறப்புச் செய்தியையும் தானத்துக்கான வேண்டுகோளையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது என்பது இத்துறையின் முதற்பாடம். இறப்பைத் தெரிவிப்பது சிகிச்சை அளித்த மருத்துவரின் கடமை; அதைக் குடும்பத்தினர் உண்மையாகவே உள்வாங்கிக்கொண்டார்கள் என்பது தெரிந்த பிறகுதான் ஒருங்கிணைப்பாளர் அவர்களோடு தனியறையில் அமர்கிறார். ‘இன்னும் மூச்சு இருக்கிறதே’ என்று தாய் கேட்கும்போது, அந்த மூச்சு கருவியுடையது என்பதை மருத்துவச் சொற்கள் இன்றி விளக்க வேண்டும். ‘உயிரைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்’ போன்ற சொற்றொடர் வாய்தவறி வந்தாலும் அதுவரை விளக்கியது அனைத்தும் கரைந்துபோகும். சட்டப்படி இசைவுப் படிவத்தில் கையெழுத்திடுபவர் நெருங்கிய உறவினர் ஒருவரே ஆயினும், முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவராக இருப்பதில்லை. வராந்தாவின் ஓரத்தில் பேசாமல் நிற்கும் தாய்மாமனோ ஊரிலிருந்து வந்துகொண்டிருக்கும் மூத்த அண்ணனோ அதைச் செய்வார். அவர் யாரென்று கண்டுகொள்வது எந்தப் பாடநூலிலும் இல்லாத அறிவு. முகம் சிதையுமா, அடுத்த பிறவியில் குறை நேருமா, உடல் எப்போது கிடைக்கும், செலவு யாருடையது என்னும் ஐயங்களுக்கு மழுப்பாத விடை தரவேண்டும். மறுப்பவரை மறுமுறை வற்புறுத்துவது இப்பணியின் அறத்துக்கு மாறானது; மறுத்தாலும் அக்குடும்பத்துக்கு வேண்டிய உதவிகளில் குறை வைக்கலாகாது.

இசைவு கிடைத்த நொடியிலிருந்து வேலையின் இயல்பே மாறிவிடுகிறது. அதுவரை அவசரம் காட்டக் கூடாதவராக இருந்தவர், இனி ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணுபவராக வேண்டும். மூளை இறந்த உடலில் இரத்த அழுத்தம் சரிகிறது, வெப்பம் குறைகிறது, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் சுரப்பு நின்றுபோவதால் நீர் அளவின்றி வெளியேறுகிறது. மருத்துவர்களும் செவிலியர்களும் இவற்றை ஈடுசெய்து உறுப்புகளைக் காத்துவரும் வேளையில், ஒருங்கிணைப்பாளர் இரத்த வகை, தொற்றுநோய்ச் சோதனை முடிவுகள், உறுப்புகளின் நிலை ஆகியவற்றை மாநில ஆணையத்துக்கு அனுப்புகிறார். பெறுபவர் யார் என்பதைக் காத்திருப்போர் பட்டியலும் விதிமுறையும் தீர்மானிக்கின்றன. அதில் கொடையாளரின் குடும்பத்துக்கோ ஒருங்கிணைப்பாளருக்கோ எந்த உரிமையும் இல்லை. மரணம் விபத்தால் நேர்ந்திருந்தால் காவல்துறையின் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் கட்டாயமாவதால், விசாரணை அதிகாரியையும் தடய மருத்துவரையும் இந்த ஓட்டத்தோடு இணைக்க வேண்டும். சூரியன் மறைந்த பின் பிரேதப் பரிசோதனை கூடாது என்ற பழைய நடைமுறை இங்கே பெருந்தடையாக இருந்தது. 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் உறுப்பு தானத்தைக் கருத்திற்கொண்டு அதைத் தளர்த்தியது.

அறுவை அரங்கில் வெவ்வேறு மருத்துவமனைகளின் குழுக்கள் ஒரே மேசையைச் சுற்றி நிற்கின்றன. பெருந்தமனியை இடுக்கியிட்டுக் குளிர்ந்த பாதுகாப்புக் கரைசலைச் செலுத்தும் கணத்தில் ‘குளிர்காப்புக் காலம்’, அதாவது இரத்த ஓட்டமின்றி உறுப்பு தாங்கும் நேரம், தொடங்குகிறது. இதயத்துக்கு அது ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரம். கல்லீரலுக்கு 12 மணி நேரம் வரை. சிறுநீரகத்துக்கு ஒரு நாளோ அதற்குச் சற்று மேலோ. எனவே இதயமே முதலில் புறப்படும். மார்பைத் திறந்து இதயத்தை நேரில் பார்த்த மருத்துவர் ‘ஏற்புடையது’ என்று சொன்ன செய்தி போய்ச் சேர்ந்த பிறகே, மறுமுனையில் பெறுபவரின் அறுவை அடுத்த கட்டத்துக்குச் செல்லும். சற்று முந்தினால் இதயம் வருமுன்பே பழைய இதயத்தை அகற்றிய நிலை, சற்றுப் பிந்தினால் பெட்டியில் காத்திருக்கும் இதயம். ‘கிரீன் காரிடார்’ என்று போக்குவரத்துக் காவலர்கள் வழங்கும் தடையற்ற பாதையில் ஆம்புலன்ஸ் விரையும் காட்சி தொலைக்காட்சியில் வருகிறது. அந்தப் பாதை எந்த நிமிடத்தில் திறக்க வேண்டும் என்பதைத் தொலைபேசியில் இருமுனைகளையும் பிடித்துக்கொண்டு முடிவுசெய்தவர் அக்காட்சியில் இருப்பதில்லை.

உறுப்புகள் போன பின்பும் ஒருங்கிணைப்பாளர் போய்விட முடியாது. வெட்டிய இடங்கள் முறையாகத் தைக்கப்பட்டு உடல் தூய்மையாக இருக்கிறதா என்று பார்த்து, சான்றிதழ்களை ஒழுங்குசெய்து, உடலைக் குடும்பத்தினரிடம் ஒப்படைக்க வேண்டும். உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23-இல் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தது முதல், அதற்கான தகவலை மாவட்ட நிர்வாகத்துக்கு உரிய நேரத்தில் சேர்ப்பதும் இவ்வேலையோடு சேர்ந்துகொண்டது. சில வாரங்கள் கழித்து, பொருத்தப்பட்ட உறுப்புகள் இயங்குகின்றனவா என்று கேட்டுக் கொடையாளரின் குடும்பத்திலிருந்து அழைப்பு வருவதுண்டு; இயங்குகின்றன என்று ஒருங்கிணைப்பாளர் சொல்லலாம், யாரிடம் என்பதை மட்டும் சொல்லக் கூடாது.