கிடாவின் விந்துக்கு மஞ்சள்கரு ஆகாது

கேமரன் மலையில் சுங்கை பாலாஸ் தேயிலை ஆலைக்குப் போனால் உருட்டும் எந்திரத்தின் அருகே சற்று நில்லுங்கள். வாடிய கொழுந்து கசங்கி வரும். கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பாகிவிடும். இலையில் இருக்கும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியின் வேலை அது. செல்லுக்குள் அந்த நொதி ஓர் அறையிலும், அது மாற்ற வேண்டிய பாலிபீனால்கள் வேறோர் அறையிலும் இருக்கின்றன. செல் உடைந்தால்தான் சந்திப்பு. வேண்டிய நிறம் வந்ததும் சூட்டில் காயவைத்து நொதியை அடக்கிவிடுகிறார்கள்.

இனி, லயத்துப் பின்கட்டில் கட்டிக்கிடக்கும் கிடாவுக்கு வருவோம். தேத்தண்ணி குடிக்கும்போது இந்தப் பேச்சா என்று முகம் சுளிக்காதீர்கள். இதுவும் நொதிச் சங்கதிதான்.

மாட்டுக்குச் சினை ஊசி போடுவது பரவியதில் கோழிமுட்டைக்குப் பங்குண்டு. 1940இல் அமெரிக்காவில் பிலிப்ஸ், லார்டி என்ற இருவர், காளையின் விந்தை மஞ்சள்கரு கலந்த கரைசலில் வைத்தால் நாள்கணக்கில் உயிரோடிருக்கும் என்று காட்டினார்கள். மஞ்சள்கருவின் கொழுப்புப் பொருள்கள் விந்தணுவின் சவ்வைக் குளிரிலிருந்து காக்கின்றன. வெள்ளாட்டுக்கும் அதையே செய்தால் போயிற்று என்றுதான் தோன்றும். செய்தால் கலவை திரைந்துபோகிறது, விந்தணுக்கள் சாகின்றன.

1957இல் 'நேச்சர்' இதழில் ஏ. ராய் என்ற இந்திய ஆய்வாளர் குற்றவாளியைக் காட்டினார்: கிடாவின் கூப்பர் சுரப்பி விந்துநீரில் கலக்கும் ஒரு நொதி. அது பாஸ்போலிப்பேஸ் வகையைச் சேர்ந்தது. மஞ்சள்கருவில் உள்ள லெசித்தினிலிருந்து ஒரு கொழுப்பு அமிலத்தை அறுத்தெடுக்கும். மிஞ்சுவது லைசோலெசித்தின். அது சவ்வையே கரைக்கும் சரக்கு. ஆக, நொதியும் விஷமல்ல, முட்டையும் விஷமல்ல. இரண்டும் சேரும்போது பிறப்பதுதான் விஷம். மஞ்சள்கருவுக்குப் பதில் கொழுப்பெடுத்த பாலை ஊற்றினாலும் முழுதாகத் தப்ப முடியாது. அதே சுரப்பியின் சுரப்பு, பாலில் எஞ்சிய கொழுப்பை உடைத்து ஒலீயிக் அமிலத்தை விடுவிக்கிறது. அதுவும் விந்தணுவுக்கு ஆகாது.

  

அதனால் கிடாவின் விந்தை எடுத்தவுடன் சுழற்றி, விந்துநீரை நீக்கிக் கழுவுகிறார்கள். இல்லையென்றால் மஞ்சள்கருவின் அளவை வெகுவாகக் குறைக்கிறார்கள். கழுவும்போது விந்தணுக்கள் கொஞ்சம் வீணாகும், வேலையும் கூடும். மாட்டுக்குச் சினை ஊசி போடும் அளவு சுலபமாக ஆட்டுக்கு ஏன் போடுவதில்லை என்று கேட்பவர்களுக்கு, முதலில் சொல்ல வேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.