செய்தி வாசிப்பவருக்கு இரண்டு மூக்கு

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் அன்ரெனா வைத்து ரீவி பார்த்தவர்களுக்கு அந்த நிழல் பழக்கம். செய்தி வாசிப்பவரின் முகத்துக்கு வலப்பக்கம் மங்கலாக இன்னொரு முகம் நிற்கும். ஒருவர் மொட்டைமாடியில் ஏறி அன்ரெனாவைத் திருப்ப, கீழிருந்து இன்னொருவர் "இல்லை, இல்லை, முந்தியே நல்லா இருந்தது" என்று கத்துவார்.

கோபுரத்திலிருந்து ஓர் அலை நேரே வருகிறது. அதே அலை காலி வீதியின் ஏதோ ஒரு கட்டடத்தில் மோதிச் சற்றுப் பிந்தியும் வருகிறது. 300 மீற்றர் கூடுதலாகச் சுற்றி வந்தால் பிந்துவது ஒரு மைக்ரோசெக்கன். பழைய ரீவி ஒரு கோட்டை இடமிருந்து வலமாகத் தீட்டி முடிக்க எடுப்பது ஏறக்குறைய 52 மைக்ரோசெக்கன். ஆகவே அரை மீற்றர் அகலத் திரையில் இரண்டாவது மூக்கு ஒரு சென்ரிமீற்றர் தள்ளி விழும். அடிமட்டத்தை வைத்து அளந்தால், அலை எவ்வளவு தூரம் கூடுதலாகச் சுற்றியது என்று சொல்லிவிடலாம்!

டிஜிட்டல் ஒளிபரப்பு இந்த எதிரொலியோடு சண்டை பிடிப்பதில்லை. தகவலை ஆயிரக்கணக்கான மெல்லிய அலைகளில் பகிர்ந்து, ஒவ்வொரு துண்டையும் ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் நீட்டிப் பிடிக்கிறது. துண்டின் தொடக்கத்தைப் பெட்டி கணக்கில் எடுக்காது. பிந்தி வரும் எதிரொலிகள் அதற்குள் வந்து சேர்ந்துவிடும். இதனால் பக்கத்து மலைக் கோபுரமும் அதே அலைவரிசையில் ஒளிபரப்பலாம். பெட்டிக்கு அதுவும் இன்னொரு எதிரொலிதான். போதாததற்குப் படமும் சுருங்குகிறது: வாசிப்பவரின் பின்னாலுள்ள சுவர் அசையாது, அசைந்த உதட்டை மட்டும் அனுப்பினால் போதும். முன்பு ஒரு சேனல் இருந்த இடத்தில் இப்போது பல சேனல்கள்.

மிஞ்சிய இடத்தை யாருக்குக் கொடுப்பது? தாய்லாந்து 2013 டிசம்பரில் 24 வணிகச் சேனல்களை ஏலம் விட்டபோது, மூன்றைச் சிறுவர்களுக்கும் குடும்பங்களுக்கும் என்றே ஒதுக்கியது. ஒளிபரப்பு 2014 இல் தொடங்கியது. லோகா என்ற சேனல் அடுத்த ஆண்டே நின்றது. மற்ற இரண்டும் 2019 இல் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தன. ஏலத்தில் கேட்ட விலையை விளம்பர வருமானத்தால் ஈடுகட்ட முடியவில்லை. பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தையும் ஏலம் விட்டதுதான் பிழை என்பேன்.

1979 இல் ரீவி தொடங்கிய இலங்கை, 2014 இல் ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்தது. பேரை ஏரிக்கரையில் 350 மீற்றர் உயரத்துக்குத் தாமரைக் கோபுரமும் எழுந்தது. ஏறிப் பார்க்கக் கூட்டமும் வருகிறது. மாற்றம்தான் இழுபடுகிறது.

ஜப்பானியர் ஓர் அலைவரிசையை 13 துண்டாக்கி, ஒன்றைக் கைப்பேசிக்கு விட்டார்கள். பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள் என்பதை அவர்கள் வேளைக்கே கண்டுகொண்டார்கள். இன்னொரு வசதியும் உண்டு: அதற்கென்று செய்த பெட்டி, அணைந்தது போலத் தூங்கிக்கொண்டிருந்தாலும், அபாய அறிவிப்புச் சமிக்ஞை வந்தால் தானே விழித்துக்கொள்ளும். இப்படி ஒரு பெட்டி தேவைப்படும் நேரங்கள் நமக்குத் தெரியும்: 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எனக்குப் பங்கு பிரிக்கத் தந்தால் முதல் துண்டு அபாய அறிவிப்புக்கு, இரண்டாவது பிள்ளைகளுக்கு. நாடகத் தொடர்கள் மிச்சத்தில் சமாளித்துக்கொள்ளட்டும்.