கலப்பு முறைக் கற்றல்: மாணவர் திருப்தி எதைப் பொறுத்தது?

திருவனந்தபுரம்: பாடத்தின் ஒரு பகுதியை வகுப்பறையிலும் மறு பகுதியை இணையவழியிலும் நடத்தும் கலப்பு முறைக் கற்றல், பல்கலைக்கழகங்களில் நிலையான ஏற்பாடாக மாறி வருகிறது. இம்முறை மாணவர்களுக்குப் பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடைப்பதில்லை. ஒரே கல்லூரியில், ஒரே பாடத்தைப் படிக்கும் இருவரில் ஒருவர் நிறைவாகவும் மற்றவர் கசப்பாகவும் பேசக்கூடும். இந்த வேறுபாட்டுக்கான காரணங்களில் மென்பொருளுக்கு உள்ள இடம் பலரும் எண்ணுவதைவிடச் சிறியது. ஆசிரியர் எவ்வளவு விரைவாகப் பதில் தருகிறார், மாணவர் எந்த இடத்தில் அமர்ந்து வகுப்பைக் கேட்கிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கே அதிக எடை உண்டு.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021 மே மாதம் கலப்பு முறை கற்பித்தல் குறித்த கருத்துரு ஒன்றை வெளியிட்டது. ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் வரை இணையவழியிலும் மீதி 60 சதவீதத்தை நேரடியாகவும் நடத்தலாம் என்று அது முன்மொழிந்தது. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் படிக்கும் பாடங்களுக்கு ஒரு பருவத்தில் 20 சதவீதம் வரை மதிப்புப்புள்ளி வழங்கலாம் என்று 2016-இல் இருந்த வரம்பும் 2021-இல் 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

இந்த மாற்றத்தை உற்று நோக்கத் திருவனந்தபுரம் பொருத்தமான நகரம். 1937-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய கேரளப் பல்கலைக்கழகம், ஏபிஜே அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மங்கலபுரத்தில் உள்ள டிஜிட்டல் பல்கலைக்கழகம் ஆகியவை இங்கு உள்ளன. பள்ளிகளுக்கு இணையவழிப் பாடங்களைத் தயாரிக்கும் 'கைட்' நிறுவனத்தின் தலைமையகமும் இங்கேதான். தமிழக எல்லைக்கு அப்பால், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் மாணவர்கள் இந்நகரக் கல்லூரிகளுக்கு வந்து படிக்கின்றனர்.

அவசர வகுப்பின் நினைவு

மாணவர்களின் கருத்தைக் கேட்கும்போது முதலில் பிரித்தறிய வேண்டியது, கொரோனா கால இணைய வகுப்புகளின் நினைவை. அமெரிக்கக் கல்வியாளர் சார்லஸ் ஹாட்ஜஸும் அவருடைய சகாக்களும் 2020 மார்ச் மாதத்திலேயே இந்த எச்சரிக்கையை விடுத்தனர். நெருக்கடியில் ஓரிரு நாளில் வகுப்பறையைத் திரைக்கு மாற்றுவதும், மாதக்கணக்கில் திட்டமிட்டு இணையப் பாடத்தை உருவாக்குவதும் வெவ்வேறு செயல்கள். ஒன்றின் தரத்தைக் கொண்டு மற்றொன்றை அளக்கக்கூடாது என்பது அவர்களின் வாதம்.

கேரளத்தில் இந்த நினைவு ஆழமானது. 2020 ஜூன் 1-ஆம் தேதி 'கைட் விக்டர்ஸ்' தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. இணையத்துக்குப் பதிலாகத் தொலைக்காட்சியை முதன்மை ஊடகமாகத் தேர்ந்ததால் பெரும்பாலான வீடுகளைப் பாடம் எட்டியது. ஆயினும் தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லாத மாணவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர் இருப்பதாக அப்போது கணக்கெடுக்கப்பட்டது. அவர்களுக்காக நூலகங்களிலும் பொது இடங்களிலும் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. வசதி கிடைத்த பின்னரும் ஒரு குறை எஞ்சியது: திரையில் தோன்றும் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்க வழியில்லை.

அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள்தான் 2024 ஜூலை 1-ஆம் தேதி கேரளம் முழுவதும் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பின் முதல் அணி. 'இணைய வகுப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் இவர்களுக்கு நினைவு வருவது, பதில் பேசாத திரை. புதிய முறை குறித்த மதிப்பீட்டை இவர்கள் அந்த நினைவிலிருந்தே தொடங்குகின்றனர் என்பதைக் கல்லூரிகள் மறந்துவிடலாகாது.

ஆய்வுகள் காட்டும் காரணிகள்

மாணவர் திருப்தி குறித்த ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவனவற்றுள் இரண்டு தைவானில் நடத்தப்பட்டவை. 2008-இல் வெளியான முதல் ஆய்வு, மின்வழிக் கற்றலில் திருப்தியைத் தீர்மானிக்கும் ஏழு காரணிகளை இனம் கண்டது. கணினி குறித்த மாணவரின் பதற்றம், மின்வழிக் கற்றல் குறித்து ஆசிரியர் கொண்டுள்ள மனப்பான்மை, நேர நெகிழ்வு, பாடத்தின் தரம், பயன் உண்டு என்ற எண்ணம், கையாள எளிது என்ற எண்ணம், பலவகைப்பட்ட மதிப்பீட்டு முறைகள் ஆகியவையே அவை. இணைய வேகம் போன்ற தொழில்நுட்பத் தரம் இந்த ஏழில் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கலப்பு முறையை மட்டும் எடுத்துக்கொண்ட 2010-ஆம் ஆண்டு ஆய்வில், 'இதனால் எனக்குப் பலன் கிடைக்கும்' என்ற எதிர்பார்ப்பும் வகுப்பின் சூழலும் திருப்தியை நேரடியாகப் பாதிக்கும் முதன்மைக் காரணிகளாக வெளிப்பட்டன. மென்பொருளின் திறன், பாடப் பொருள், கலந்துரையாடல் ஆகியவை இவ்விரண்டின் வழியாகவே மாணவரைச் சென்றடைகின்றன.

இந்த முடிவுகளை அப்படியே கேரளத்துக்குப் பொருத்துவது தவறாகும். இணைய வேகமும் சொந்தக் கணினியும் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும் இடத்தில் அவை காரணியாகத் தென்படா. இல்லாத இடத்தில்தான் அவற்றின் எடை தெரியவரும்.

ஒன்றரைப் பாடத்தின் சுமை

ஆசிரியர் தொடர்பான காரணி எந்நாட்டிலும் மாறுவதில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவர் 2000-ஆம் ஆண்டு முன்வைத்த கோட்பாடு, இணையவழிக் கல்விக்கு மூன்று வகை இருப்புகள் தேவை என்கிறது: சிந்தனையைத் தூண்டும் இருப்பு, சக மாணவர்களின் இருப்பு, ஆசிரியரின் இருப்பு. ஆசிரியரின் இருப்பு என்பது திரையில் முகம் தெரிவதைக் குறிப்பதன்று. பாடத்தை வகுத்துத் தருவது, விவாதத்தை வழிநடத்துவது, ஒப்படைப்பைப் படித்துக் குறிப்பு எழுதித் திருப்பித் தருவது ஆகியவை சேர்ந்ததே அது.

கலப்பு முறையில் மாணவர்கள் அதிருப்தி கொள்ளும் பொதுவான சூழல் ஒன்றைக் கல்வியாளர்கள் 'ஒன்றரைப் பாடம்' என்று அழைக்கின்றனர். ஆசிரியர் பழைய வகுப்பறைப் பாடத்தில் எதையும் குறைக்காமல், அதன்மேல் காணொலி, வினாடி வினா, இணைய விவாதம் என அடுக்கிக்கொண்டே போவதால் ஏற்படும் நிலை இது. வகுப்பில் கேட்ட அதே விளக்கத்தை மாணவர் இரவில் காணொலியிலும் கேட்க நேர்கிறது. இணையத்தில் எழுதிய பதிலைப் பற்றி மறுநாள் வகுப்பில் ஒரு சொல்லும் பேசப்படாவிட்டால், அடுத்த முறை அவர் பெயருக்கு இரண்டு வரி எழுதி முடித்துவிடுவார். இரு பகுதிகளும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே ஓடும்போது, மாணவருக்குச் சுமை கூடுகிறது, பயன் கூடுவதில்லை.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. யுஜிசியின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் பணியை நிர்ணயித்துள்ளன. கற்றல் தளத்தில் 60 மாணவர்களின் ஐயங்களுக்குப் பதில் எழுதும் நேரமும், 20 நிமிடக் காணொலியைத் தயாரிக்கச் செலவாகும் நேரமும் பணிநேரமாகக் கணக்கிடப்படாவிட்டால், மாணவருக்குப் பதில் தாமதமாகவே கிடைக்கும். 40 சதவீதம் என்ற எண்ணைப் பேசும் அளவுக்கு இந்தப் பணிநேரக் கணக்கு பேசப்படுவதில்லை.

மதிப்பீடும் வருகைப் பதிவும் இதனோடு இணைந்தவை. தேர்வு எழுத 75 சதவீத வருகை தேவை என்பது கேரளப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான விதி. மாணவியருக்கு 2023 ஜனவரியில் அது 73 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. இணைப்பு அறுந்து பாதி வகுப்பைத் தவறவிட்டவர் வந்தவரா, வராதவரா என்பதை முன்கூட்டியே தெளிவுபடுத்தாத கல்லூரியில், ஒவ்வொரு இணைய வகுப்பும் பதற்றத்துடனேயே தொடங்கும்.

வகுப்பைக் கேட்கும் இடம்

நேரடி வகுப்பில் அனைவருக்கும் ஒரே வகை பெஞ்சு, ஒரே கரும்பலகை. இணைய வகுப்பில் அந்தச் சமநிலை கலைகிறது. 2017-18-இல் நடத்தப்பட்ட 75-ஆவது தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சுமார் 24 சதவீத வீடுகளில் இணைய வசதி இருந்தது. கேரளத்தில் அது 51 சதவீதம். ஆனால் கணினி இருந்த வீடுகள் கேரளத்திலும் நான்கில் ஒன்றுக்குக் குறைவே. அதன்பின் இணைய இணைப்பு வெகுவாகப் பரவியிருந்தாலும், கைபேசியின் சிறு திரையில் வரைபடங்களைப் பார்த்து, அதே கைபேசியில் ஒப்படைப்பையும் தட்டச்சு செய்யும் மாணவரின் சிரமம் வேறு வகையானது.

இந்தியாவில் இணைய உரிமையைக் கல்வி உரிமையோடு இணைத்த முக்கியமான தீர்ப்பு கேரளத்தில்தான் பிறந்தது. கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைபேசி பயன்படுத்தத் தடை இருந்தது. அதற்கு உடன்பட மறுத்த மாணவி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்றும், அந்தரங்க உரிமையின் ஒரு பகுதி என்றும் கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பர் 19-ஆம் தேதி தீர்ப்பளித்தது. மாணவியை மீண்டும் விடுதியில் சேர்க்கவும் நீதிபதி பி.வி.ஆஷா உத்தரவிட்டார்.

பெருந்தொற்றுக்கு முன்பே வந்த இத்தீர்ப்பு, கலப்பு முறைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது. மாலை 6 முதல் 10 வரையிலான நேரமே ஒப்படைப்புகளைச் செய்யும் நேரம், பதிவு செய்த பாடத்தைப் பார்க்கும் நேரம். ஒரே வகுப்பில் பயிலும் மாணவர் அந்த நான்கு மணி நேரத்தைப் பயன்படுத்த, மாணவியின் கைபேசி மட்டும் காப்பாளரின் அலமாரியில் இருந்தால், இருவரின் திருப்தியையும் ஒரே வினாத்தாளில் கேட்பதில் பொருளில்லை.

மாநில அரசின் 'கே-ஃபோன்' கண்ணாடியிழை வலைப்பின்னல் 2023 ஜூன் 5-ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு. முதற்கட்டமாக ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 100 வீதம் 140 தொகுதிகளில் 14,000 குடும்பங்கள் குறிக்கப்பட்டன. இரண்டு எண்களுக்கும் இடையிலான தொலைவு நீண்டது. திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, தொழில்நுட்பப் பூங்கா அமைந்த கழக்கூட்டத்தில் கிடைக்கும் இணைப்பை அகத்திய மலைச் சரிவுகளில் உள்ள காணி குடியிருப்புகளில் எதிர்பார்க்க இயலாது.

பயணம் மிச்சமாகிறதா?

கலப்பு முறையை மாணவர்கள் விரும்புவதற்கான காரணங்களில் பயண நேரமும் உண்டு. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் சுமார் 70 கிலோமீட்டர். நாள்தோறும் வந்து திரும்பும் மாணவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பது நேரத்தையும் உடல்நலத்தையும் காக்கும் சலுகை.

ஆனால் இது கால அட்டவணையைப் பொறுத்தது. காலை 9.30 மணிக்கு நேரடி வகுப்பு, 11.30 மணிக்கு இணைய வகுப்பு என்று ஒரே நாளில் அமைத்தால் பயணம் மிச்சமாவதில்லை. மாணவர் கல்லூரி வளாகத்திலேயே மரத்தடியிலோ நூலகப் படிக்கட்டிலோ அமர்ந்து, செவிப்பொறியை மாட்டிக்கொண்டு, சில அடி தொலைவில் இருக்கும் ஆசிரியரின் குரலை இணையத்தில் கேட்க வேண்டியதாகிறது. இணைய வகுப்புகளைத் தனி நாள்களில் தொகுப்பது செலவில்லாத சீர்திருத்தம். பல துறைகளின் விருப்பப் பாடங்களைப் பொதுவான நேரத்தில் பொருத்த வேண்டிய நான்காண்டுப் படிப்பில், அதுவே கடினமாகவும் இருக்கிறது.

பிடித்திருப்பதும் கற்றிருப்பதும்

திருப்தியை மட்டும் அளவுகோலாகக் கொள்வதில் ஓர் ஆபத்து உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலை இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சிறந்த சொற்பொழிவைக் கேட்ட மாணவர்கள், தாம் அதிகம் கற்றதாக உணர்ந்தனர். தாமே கணக்கிட்டு விவாதித்துக் கற்ற மாணவர்கள், தாம் குறைவாகக் கற்றதாக எண்ணினர். தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றவர்களோ இரண்டாவது பிரிவினர். மூளை உழைக்கும்போது தோன்றும் களைப்பை, புரியவில்லை என்பதன் அடையாளமாக மாணவர்கள் தவறாக எடுத்துக்கொள்கின்றனர் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். வகுப்பு நேரத்தை இத்தகைய பயிற்சிகளுக்கு ஒதுக்கும் கலப்பு முறைப் பாடமும் தொடக்கத்தில் குறைந்த மதிப்பெண்ணையே மாணவரிடம் பெறக்கூடும்.

மறுபுறம், கலப்பு முறை சிறந்த பலன் தருகிறது என்பதற்கு அடிக்கடி சான்றாகக் காட்டப்படும் அமெரிக்கக் கல்வித் துறையின் 2010-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் ஒரு நிபந்தனையுடனேயே பேசுகிறது. நேரடி வகுப்பை மட்டும் சார்ந்தவர்களைவிடக் கலப்பு முறையில் பயின்றவர்கள் சராசரியாகச் சற்று நன்றாகச் செய்திருந்தனர். ஆனால் அவர்களுக்குக் கூடுதல் படிப்பு நேரமும் கூடுதல் பாடப் பொருள்களும் கிடைத்திருந்தன. முன்னேற்றத்துக்கு ஊடகத்தை மட்டும் காரணமாகக் கூற இயலாது என்று அந்த அறிக்கையே குறிப்பிடுகிறது. கட்டடத்தையும் ஆசிரியர் பணியிடங்களையும் குறைக்கும் வழியாகக் கலப்பு முறையைக் காணும் நிர்வாகங்கள் இந்த வரிகளைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

இந்தியக் கல்லூரிகளில் திருப்தியை அளக்க, தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவையான 'நாக்' 2017-இல் திருத்தி அமைத்த நடைமுறையில் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு ஒன்றைச் சேர்த்தது. 2022-இல் கேரளப் பல்கலைக்கழகத்துக்கு ஏ++ தரம் வழங்கியதும் இந்த அவையே. கணக்கெடுப்பின் வினாத்தாளில் 21 கேள்விகள். பாடம் எவ்வளவு முடிக்கப்பட்டது, அகமதிப்பீடு நியாயமாக இருந்ததா என்பன போன்ற கேள்விகளுடன், ஆசிரியர்களில் எத்தனை சதவீதத்தினர் புரொஜெக்டர் முதலிய தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துகின்றனர் என்ற கேள்வியும் உண்டு. மாணவரிடம் என்ன கருவி இருக்கிறது, வீட்டில் தனி இடம் உண்டா, விடுதியில் எத்தனை மணி வரை இணையம் கிடைக்கும் என்பவை அதில் கேட்கப்படவில்லை. அவற்றை எழுத விரும்பும் மாணவருக்கு, மூன்று ஆலோசனைகளைத் தரச் சொல்லும் கடைசிக் கேள்வியில் மட்டும் இடமுண்டு.