ஊசிக்கு முன் ஒரு தடுப்பூசி

ஹைதராபாத்தின் மாதாப்பூர், பஞ்சாரா ஹில்ஸ் பகுதிகளில் டாட்டூ ஸ்டுடியோக்கள் பெருகிவிட்டன. முதல் சம்பளம் கைக்கு வந்ததும் அம்மாவின் பெயரை மணிக்கட்டில் குத்திக்கொள்ளும் இளைஞர்கள் ஏராளம். தெலங்கானாவுக்கு இது புதிதும் அல்ல. ஆதிலாபாத்தின் ராஜ்கோண்டு பழங்குடியினருக்குத் தோட்டி சமூகப் பெண்கள் காலங்காலமாகப் பச்சை குத்திவந்தவர்கள். நம் பாட்டிமார் கைகளிலும் பச்சைக் கோலம் இருந்ததுதானே! ஆசையில் குற்றமில்லை. தோலுக்குள் என்ன போகிறது என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் கையை நீட்டுவதுதான் கவலை தருகிறது.

மைக் கிண்ணத்தையும் பாருங்கள்

டாட்டூ மெஷினின் ஊசி நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை, சில மெஷின்களில் ஆயிரக்கணக்கான முறை தோலைத் துளைக்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், ரத்த நாளங்கள் ஓடும் உள்தோலில் மையை இறக்குகிறது. ஒருவருக்குக் குத்திய ஊசி அடுத்தவருக்கும் போனால் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றுமே பரவ வழியுண்டு. இவற்றில் ஹெபடைடிஸ் பி வைரஸ் பொல்லாதது. உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாட்கள்வரை தாக்குப்பிடிக்கும்.

“புது ஊசிதான், பாருங்க” என்று பாக்கெட்டைக் கண்ணெதிரே பிரித்துக் காட்டுவார்கள். நல்லது. கூடவே மைக் கிண்ணத்தையும் கவனியுங்கள். ஊசி தோலில் இறங்கும், கிண்ணத்தில் தோயும், மறுபடி தோலில் இறங்கும். இப்படித் தோயும்போது ரத்தமும் மையில் கலக்கும். மிச்ச மையைக் கொட்டாமல் அடுத்தவருக்கு வைத்துக்கொண்டால், புது ஊசி போட்டும் பயனில்லை.

மையும், அதை நீர்க்கச் செய்யும் தண்ணீரும்கூட நோய் தரலாம். அமெரிக்காவின் ரோசெஸ்டரில் 2011-ல் ஒரே கலைஞரிடம் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் தடிப்புகள் வந்தன. பலரிடம் மைக்கோபாக்டீரியம் கெலோனே என்ற கிருமி இருந்தது. திறக்காத மை பாட்டிலிலும் அதே கிருமி! வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு எளிதில் மசியாத கிருமி இது.

தோலோடு நிற்பதில்லை

2025-ல் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை டாட்டூ மைகளைச் சோதித்தபோது ஆர்சனிக், குரோமியம், செலினியம் உட்பட 22 உலோகங்கள் தென்பட்டன. மைக்குத் தர விதிகள் வேண்டும் என்று அம்மாநிலம் மத்திய அரசிடம் கோரியது. ஐரோப்பிய ஒன்றியமோ 2022 ஜனவரியிலேயே டாட்டூ மைகளில் 4,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்துவிட்டது.

நிறமித் துகள்கள் நிணநீர் முடிச்சுகள்வரை பயணிப்பதை 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. பச்சை குத்தியவர்களிடம் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் 21 சதவீதம் கூடுதலாக இருந்ததாக 2024-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணித்தார்கள். பச்சைதான் அதற்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை, பீதி வேண்டாம். ஒவ்வாமையோ கண்கூடான பிரச்சினை. சிவப்பு மைதான் அதிகம் தொல்லை தருகிறது; குத்திச் சில ஆண்டுகள் கழித்தும் அரிப்பும் தடிப்பும் கிளம்பலாம்.

வலியில்லாத வழி என்று ‘கறுப்பு மெஹந்தி’யை நாடுவோருக்கும் எச்சரிக்கை தேவை. இயற்கை மருதாணி செம்பழுப்பாகத்தான் சிவக்கும். கருகருவென்று சீக்கிரம் பிடித்தால், அதில் தலைச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. ரசாயனம் இருக்க வாய்ப்பு அதிகம். சிலருக்குக் கொப்புளம் போட்டுத் தழும்பே மிஞ்சும். பிறகு வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஹைதராபாத் தந்த மருந்து

ஹெபடைடிஸ் பி-க்கு எதிராக இந்தியாவிலேயே உருவான முதல் மரபணுத் தொழில்நுட்பத் தடுப்பூசி பிறந்தது இதே ஹைதராபாத்தில்தான். வரப்பிரசாத் ரெட்டி தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் அதைக் கொண்டுவந்தது. இறக்குமதித் தடுப்பூசியை வாங்க முடியாத குடும்பங்களுக்கும் அது எட்டியது. ஆனால், தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் நாடு முழுவதும் ஹெபடைடிஸ் பி சேர்க்கப்பட்டது 2011-ல்தான். அதற்கு முன் பிறந்த பலர் குழந்தைப் பருவத்தில் இதைப் போட்டிருக்க மாட்டார்கள். இன்று டாட்டூ நாற்காலியில் உட்காருவதும் அந்தத் தலைமுறைதான்!

எனவே, முதலில் தடுப்பூசி. வழக்கமாக ஆறு மாதங்களில் மூன்று தவணை. பிறகு கடையில் தயங்காமல் கேளுங்கள்: ஊசி புதிதா? மை தனிக் கிண்ணத்திலா? பாட்டிலில் தயாரிப்பாளர் பெயரும் காலாவதித் தேதியும் உண்டா? கையுறை மாற்றுவீர்களா? மச்சத்தின் மேல் குத்த வேண்டாம்; அதில் ஏற்படும் மாற்றம் கண்ணில் படாது. தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது. சிவப்பு பரவினால், சீழ் கோத்தால், காய்ச்சல் வந்தால் உடனே தோல் மருத்துவரிடம் போங்கள். பிறருக்குக் குத்திய ஊசி என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை சென்றால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து பெறலாம். 1097 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். குத்திய பின் 12 மாதங்களுக்கு ரத்ததானம் கூடாது.

இட்லிக் கடைக்கே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கேட்கும் நாடு இது. உடலுக்குள் ஊசி இறக்கும் தொழிலுக்கு உரிமமும், மைக்குத் தர முத்திரையும் கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல. மாநில அரசுகளும் மத்திய அரசும் இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது. சட்டம் வரும்வரை நம் எச்சரிக்கைதான் நமக்குக் காவல். ஆயுளுக்கும் அழியாத பச்சைக்காக ஆறு மாதம் பொறுப்பது பெரிய விஷயமே இல்லை.