18 வயதில் ஹோமிலிருந்து வரும் பிள்ளை

நமது தோட்டங்களில் "அது ஹோமில படிக்குது" என்று சொல்லப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய் வெளிநாடு போயிருப்பாள். தகப்பன் குடியில் கிடப்பான். பாட்டியால் பார்க்க முடியாமல் போயிருக்கும். நன்னடத்தை உத்தியோகத்தர் வந்து, நீதிமன்றக் கட்டளையோடு பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்த்திருப்பார். இலங்கையில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது உயிரோடுதான் இருக்கிறார். எனவே இது யாரோ அநாதைப் பிள்ளைகளின் விஷயம் அல்ல.

1989 முதல் இந்நாட்டில் 18 வயது நிறைந்தவர் பராயமடைந்தவர். இல்லத்தின் பொறுப்பும் பொதுவாக அந்த வயதோடு முடிந்துவிடுகிறது. பிள்ளை ஒரு பையோடு லயத்து வாசலில் வந்து நிற்கும். மணி அடித்தால் எழும்பி, மணி அடித்தால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை அது. அரிசி என்ன விலை, சம்பளத்தை மாசக் கடைசி வரைக்கும் எப்படி இழுப்பது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கொழுந்து எடுக்கவும் தெரியாது. "ஹோமில வளந்த துரைக்கு வேலை வருமா?" என்று நம்மவர்களே கேலி பேசுவதைக் கேட்டிருக்கிறோம். ஒரே காம்பராவில் ஏற்கனவே ஆறேழு பேர் இருக்கும் வீட்டில் இன்னொருவர் வருவது கஷ்டம்தான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு முதல் ஆறு மாதத்தில் கிடைக்கும் பேச்சுத்தான் அது தோட்டத்தில் தங்குமா, எவன் கூப்பிட்டாலும் அவன் பின்னால் போகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

கூப்பிடுவதற்கு ஆள் இல்லாமல் இல்லை. கொழும்புக் கடைக்கும் பங்களாவுக்கும் ஆள் பிடிக்கும் தரகர்மாருக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் முதலில் கண்ணில் படுகிறார்கள். தேடி வர யாரும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். கையில் அடையாள அட்டை இல்லாவிட்டால் இன்னும் நல்லது, சம்பளத்தைப் பற்றி வாய் திறக்க முடியாதல்லவா! 2021 இல் திருத்தப்பட்ட சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்கக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

ஆகவே பிள்ளை வரும் வரை காத்திருக்காமல், 15 வயதிலேயே உறவினர் அசைய வேண்டும் என்கிறோம். அந்த வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தேவை. சிக்கல் இங்கேதான். சில பிள்ளைகளின் பிறப்பு பதியப்பட்டே இல்லை. சிலருக்குப் பத்திரத்தில் ஒரு பேர், பாடசாலையில் இன்னொரு பேர். பிறந்து மூன்று மாதம் கடந்தாலும் காலங்கடந்த பதிவு செய்யலாம், பேரைத் திருத்தவும் வழி உண்டு. ஆனால் அதற்குக் காட்ட வேண்டிய அத்தாட்சிகள் எங்கே கிடக்கின்றன? தோட்ட ஆஸ்பத்திரிப் புத்தகத்தில், தோட்டத்துப் பாடசாலைச் சேர்வு இடாப்பில், பிள்ளை பிறந்ததை அறிந்த கிழவிமாரின் வாயில். இல்லத்தை நடத்துபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எங்கோ இருந்துகொண்டு இதைத் தேட முடியாது. பெரியம்மாவோ மாமாவோ ஒரு நாள் பேரை விட்டுவிட்டு நடந்தால்தான் முடியும். போகும் முன் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கண்டு, என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீண் அலைச்சல் குறையும்.

தொழில் விஷயம். "சாதாரண தரம் சரிவரல்ல, இனி மலைக்குத்தான்" என்று முடிவு கட்ட வேண்டாம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் மின்னிணைப்பு, தையல், வாகனம் திருத்தல் போன்றவை படிப்பிக்கிறார்கள். பயிலுனர் அதிகார சபை மூலம் வேலைத்தலத்திலேயே பழகவும் முடியும். இரண்டிலும் என்விகியூ எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். இல்லத்திலேயே தையலோ தச்சோ பழகிய பிள்ளை, அந்தத் திறமையைப் பரீட்சித்துக் காட்டியும் இச்சான்றிதழுக்கு முயற்சிக்கலாம். இது பலருக்குத் தெரியாது.

கடையிலோ கார்மென்டிலோ வேலை கிடைத்தால், முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி சேர வேண்டும். "தற்காலிகம்" என்பது சாக்கு அல்ல. சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டப்படும், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதம் முழுக்க முதலாளியுடையது, அதைச் சம்பளத்தில் வெட்டக் கூடாது. ஒவ்வொரு மாதமும் சம்பளச் சிட்டையைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத தாய் தகப்பன் என்றால் தலைவரிடமோ, படித்த அயல் பிள்ளையிடமோ காட்டலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வந்த மூன்றாம் மாதமே "பாரம் கழியட்டும்" என்று கலியாணம் பேசும் வழக்கம் நமக்குப் பிடிக்கவில்லை. யாரையும் நம்பிப் பழக அவளுக்குச் சற்றுக் காலம் வேண்டும். தன் பேரில் ஒரு வங்கிப் புத்தகமும் வேண்டும்.

பிள்ளை இன்னும் இல்லத்தில் இருந்தால், நன்னடத்தை உத்தியோகத்தரிடம் சொல்லித் தீபாவளி, பொங்கல் விடுமுறைக்குக் கூட்டி வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று தடவை வந்து, இஸ்தோப்பில் படுத்து, தம்பி தங்கைகளோடு சண்டை போட்டுப் போன பிள்ளைக்கு 18 வயதில் அந்த வீடு புது இடமாக இருக்காது.