நோயுற்றோர்க்கு நோயுற்றோரே துணை



ஞாயிறு காலையில் கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்து மணியோசை காதில் விழுந்தும், நாட்பட்ட நோயினால் எழுந்து செல்ல இயலாதோர் பலர் உளர். உடல் வேதனையினும் அவர்களை வாட்டுவது, ‘என் விசுவாசம் குறைவோ? இனி நான் எதற்கும் உதவேனோ?’ என்னும் ஐயமே.

பவுல் அடியார் தம் உடலில் தைத்த முள் நீங்குமாறு மும்முறை வேண்டியதைக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் கூறுகிறார். முள் நீங்கவில்லை; தாங்கும் அருள் கிடைத்தது. ஆகவே, தீராத நோய் விசுவாசக் குறைவுக்குச் சான்றன்று.

1894இல் சிறிது காலம் இலங்கையில் ஊழியம் புரிந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், பின்னர் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர்க் குழந்தைகளுக்கு அன்னையானார். 1931இல் தவறி விழுந்தார். 1951இல் மறையும்வரை அவர் வாழ்வு பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தது. நலமுடையோர் எழுதும் ஆறுதல் நோயுற்றோரின் உள்ளத்தை எட்டுவதில்லை என உணர்ந்தார். நோயாளியாகவே நோயாளருக்குக் கடிதங்கள் எழுதினார். அவை நூலாகவும் வெளிவந்தன.

நோயுற்ற நேயர்களே, மருந்தைத் தவறவிடாதீர்கள். அதுவும் இறைவன் தந்த உதவியே. வலி மிகுந்த நாளில் ஒரு வரிச் செபம் போதும். சற்று இயன்ற நாளில், வெள்ளவத்தையிலோ வேறெங்கோ உங்களைப் போலப் படுத்திருக்கும் ஒருவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பிறரைத் தேற்றுகையில் நம் உள்ளமும் தேறும்.