பலாப்பழத்துக்கும் பெல்ட் கேட்கும் கார்! ஏன் தெரியுமா?

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்குப் போய்வரும் கார்களில், பக்கத்து சீட் காலியாகத் திரும்புவது அபூர்வம். ஆள் இல்லாவிட்டால் பலாப்பழம், சாமை மூட்டை, தேன் கேன். நல்ல கனமான பலாவைச் சீட்டில் வைத்து வண்டியைக் கிளப்புங்கள். 'டிங் டிங்' என்று கத்த ஆரம்பித்துவிடும். பழத்துக்கு பெல்ட் போடச் சொல்கிறது கார்!

அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதாகக் காருக்கு யார் சொன்னது? சீட் துணிக்கும் ஃபோமுக்கும் நடுவே ஒளிந்திருக்கும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள்! இரண்டு படலங்கள், அவற்றில் மின்சாரம் கடத்தும் மையால் அச்சிட்ட கோடுகள், நடுவே மயிரிழை இடைவெளி. பாரம் ஏறினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும், 'ஆள் வந்தாச்சு' என்று செய்தி போகும். வாஷிங் மெஷின் முகப்பில் அமுக்குகிறோமே தட்டைப் பொத்தான், அதற்குள் இருப்பதும் இதே வித்தைதான். அந்தத் தாளுக்கு மனுஷரும் தெரியாது, பலாவும் தெரியாது. பாரம் மட்டுமே தெரியும்.

இந்தியாவில் டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல். வெள்ளிமலை இருக்கும் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது அதே ஆண்டு நவம்பர் 26-ல். மாவட்டத்தைவிட இந்த 'டிங் டிங்' சட்டம் ஏறக்குறைய ஐந்து மாதம் மூத்தது!

அந்தச் சத்தத்தை ஏமாற்ற, பெல்ட் லாக்கில் செருகும் ஒரு கிளிப்பை இணையத்தில் விற்றார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய இணையக் கடைகள்மீது நடவடிக்கை எடுத்தது. நீக்கப்பட்ட விற்பனைப் பதிவுகள் எத்தனை தெரியுமா? 13,118! கோபம் வருகிறது. ஏனென்றால் ஏர்பேக் விரிய ஆகும் நேரம் ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் முப்பது, நாற்பது பங்குதான். பெல்ட் இல்லாமல் முன்னால் பாயும் உடம்பு அந்த வேகத்தில் விரியும் பையில் மோதினால், காப்பாற்ற வந்த பையே அடித்துவிடும்.

சரி, சீட்டில் யாருமே இல்லை, ஆனாலும் பெல்ட் லைட் எரிகிறது. அந்தச் சென்சார் தாள் செத்துவிட்டதா? அவசரப்பட்டு சீட்டைக் கிழிக்க வேண்டாம். முதலில் சீட்டைச் சுத்தமாகக் காலி செய்து சாவியை ஆன் செய்யுங்கள். பிறகு ஒருவரை பெல்ட் போடாமல் உட்கார வையுங்கள். காலியாக இருக்கும்போதே கத்தினால் அந்தத் தாள் எங்கோ மடிந்து, நசுங்கி, அல்லது தண்ணீர் இறங்கி ஒட்டிக்கொண்டிருக்கலாம். இறுக்கித் தைத்த புது சீட் கவர்கூட அமுக்கிக்கொண்டிருக்கும். ஆள் உட்கார்ந்தும் மௌனமாக இருந்தால் எங்கோ கோடு அறுந்திருக்கிறது. சீட்டில் முழங்காலை ஊன்றிப் பின்சீட்டில் இருப்பதை எடுப்போமே, அப்போது ஒரே இடத்தில் விழும் அழுத்தம் அந்த மெல்லிய கோடுகளுக்குப் பெரிய எதிரி.

இன்னொரு சோதனை செலவே இல்லாதது. ஒருவர் உட்கார்ந்திருக்கும்போதே சீட்டை முன்னும் பின்னும் மெதுவாகத் தள்ளி, லைட்டைப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் லைட் மினுக்கினால் குற்றவாளி சென்சார் இல்லை, சீட்டுக்கு அடியில், சீட் நகரும் தடத்தில் உரசிய வயரோ, வயர்களை இணைக்கும் தளர்ந்த கப்ளரோதான்! மண்ணும் தூசியும் சாப்பிட்ட கப்ளரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியதும் தீர்ந்துபோகும் கோளாறுகள் நிறைய.

ஆனால் அங்கே மஞ்சள் நிறக் கப்ளர் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். மஞ்சள் என்றால் ஏர்பேக் சுற்று. மல்டிமீட்டர் செலுத்தும் துளி மின்சாரம்கூட ஏர்பேக்கை வெடிக்க வைத்துவிடலாம் என்று கம்பெனிகள் எச்சரிக்கின்றன. பேட்டரியைக் கழற்றிய உடனேயும் தொடக்கூடாது, தெரியுமா? விபத்தில் பேட்டரி அறுந்தாலும் பை விரிய வேண்டுமே என்று கன்ட்ரோல் யூனிட்டுக்குள் கொஞ்சம் மின்சாரம் சேமிப்பில் இருக்கும். கையேட்டைப் பொறுத்து 90 விநாடியோ சில நிமிடங்களோ காத்திருந்துதான் வேலையைத் தொடங்குவார்கள். ஏர்பேக் லைட்டே அணையாமல் எரிந்தால், ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறியீடு படிக்கத் தெரிந்தவரிடம் விடுவதுதான் சரி.

அமெரிக்கக் கார்களில் இந்தச் சென்சாரின் பொறுப்பு இன்னும் பெரியது. முன்சீட்டில் குழந்தை இருந்தால் ஏர்பேக்கையே நிறுத்தி வைக்கிறது! சிலவற்றில் சீட்டின் நான்கு மூலையிலும் எடை பார்க்கும் சென்சார், சிலவற்றில் சிலிகான் திரவம் நிரப்பிய பை. குழந்தை இருக்கையை பெல்ட்டால் இறுக்கிக் கட்டினால் அந்த இழுவையும் எடையாகக் காட்டுமே? அதைக் கழிக்க பெல்ட்டிலேயே தனியாக ஒரு சென்சார்! இது பிசகினால் என்ன ஆகும்? பெரியவர் உட்கார்ந்தும் சீட் காலி என்று கணித்துவிடக்கூடும் என்பதால் 2016-ல் நிசான் அமெரிக்காவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. 2024-ல் வேறொரு சென்சார் கோளாறுக்காக ஹோண்டா அழைத்தது சுமார் ஏழரை லட்சம். எங்கோ ஒரு துணை ஆலையில் இயற்கைச் சீற்றம், அதனால் சர்க்யூட் பலகைக்கு மாற்றுப் பொருள், அதனால் சென்சாரில் விரிசல்!

சீட்டைக் கழற்றி மாட்டினால் எடை பார்க்கும் இந்த வகை சென்சாருக்கு மறுபடி பூஜ்யம் கற்றுத்தர வேண்டும். டொயோட்டா முறையில் காலி சீட்டில் பூஜ்யம் வைத்து, பிறகு 30 கிலோ எடைக்கல்லை வைப்பார்கள். ஸ்கேனரில் 27 முதல் 33-க்குள் காட்டினால் பாஸ். நம் கடைகளில் விற்கும் 26 கிலோ அரிசிப் பை அங்கே ஒரு கிலோவில் ஃபெயில்!

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இதுதான். 1990-களில் அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில், பென் அண்ட் டெல்லர் என்ற மேஜிக் ஜோடிக்காக ஒரு நாற்காலி செய்தார்கள். அதில் உட்கார்ந்து காற்றில் கையை அசைத்தால் இசை வரும்! உடம்பு மின்புலத்தை மாற்றுவதை நாற்காலி படித்துவிடும். அதைப் பார்த்த ஜப்பானின் என்இசி நிறுவனத்தார், 'சீட்டில் இருப்பது குழந்தையா என்று இதைவைத்துக் கண்டுபிடிக்கலாமே' என்று கேட்டார்கள். அந்த வித்தை ஹோண்டா கார்களின் சீட் முதுகுக்குள் போய்ச் சேர்ந்தது. சிறு பிள்ளை பக்கவாட்டில் சாய்ந்து தூங்கினால் அந்தப் பக்கத்து ஏர்பேக்கை அது நிறுத்தி வைக்கும். மின்புலத்தைக் குழப்பத் தண்ணீர் போதும் என்பதால், கல்வராயன் மலையின் மேகம் அருவியில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு அப்படிப்பட்ட சீட்டில் சாய்ந்தால் எச்சரிக்கை லைட் எரியக்கூடும். அதற்கு ஸ்கேனர் வேண்டாம், சீட்டை நன்றாகக் காயவைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பிப் பார்த்தால் போதும்.